கோர்மக் மெக்கனலனும் உங்கள் கொழுந்தனாரும்: முதலில் யாரைப் பரிசோதிப்பது?

கேள்வி: டப்ளினில் வசிக்கிறோம். 15 வயது மகன் இங்குள்ள கிளப்பில் அயர்லாந்தின் பாரம்பரிய ஆட்டமான கேலிக் கால்பந்து ஆடுகிறான். கோர்மக் மெக்கனலன் என்ற ஆட்டக்காரரைப் பற்றிப் பயிற்சியாளர் சொன்னதைக் கேட்டு வந்து, "நல்லா ஓடியாடிட்டு இருந்தவர் எப்படிம்மா தூக்கத்துல செத்துப்போவார்?" என்று கேட்டான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. என் கணவரின் தம்பி திருநெல்வேலியில் 29 வயதில் அப்படித்தான் போனார். ராத்திரி சாப்பிட்டுப் படுத்தவர் காலையில் எழவில்லை. ஹார்ட் அட்டாக் என்று எழுதிக் கொடுத்தார்கள். மகனுக்கு ஒரு ஈசிஜி எடுத்துவிட்டால் நிம்மதியாக இருக்கலாமா? கிளப்பில் இருக்கும் ஏஈடி (நிலைகுலைந்த இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் கருவி) பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை என் கணவரிடம் கொடுத்திருக்கிறார்கள். அவர் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: அன்புச் சகோதரிக்கு வணக்கம். உங்கள் வீட்டில் முதலில் இதய மருத்துவரைப் பார்க்க வேண்டியவர் உங்கள் கணவர். மகனுக்கு மட்டும் ஒரு ஈசிஜி எடுத்து, நார்மல் என்ற சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு நிம்மதி அடைந்துவிடாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் பையனின் கேள்வி.

கோர்மக் 1980 பிப்ரவரி 11 அன்று பிறந்தவர். டைரோன் கவுண்டியின் (மாவட்டம் மாதிரி) எக்லிஷ் கிளப்பில் ஆடி வளர்ந்தவர். அர்மாவில் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தார். 1998இல் மைனர் (18 வயதுக்கு உட்பட்டோர்) அணிக்குக் கேப்டனாக இருந்து அகில அயர்லாந்துப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். 2000, 2001 ஆண்டுகளில் 21 வயதுக்கு உட்பட்டோர் பட்டங்களை வென்ற அணிகளிலும் இருந்தார். 2001இல் ஆண்டின் சிறந்த இளம் ஆட்டக்காரர் விருது கிடைத்தது. 2003இல் சீசனின் நடுவே மேலாளர் மிக்கி ஹார்ட் அவரை நடுக்களத்திலிருந்து எடுத்து ஃபுல் பேக் (கோலுக்கு முன்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரர்) இடத்தில் போட்டார். பழக்கமில்லாத இடம். அங்கே நின்றுதான் அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர்களைக் கொண்ட ஆல் ஸ்டார் அணியில் இடம்பிடித்தார். செப்டம்பர் 28 அன்று குரோக் பார்க்கில் அர்மாவை 12–9 என்று டைரோன் வென்றது. சீனியர் பிரிவில் அந்தக் கவுண்டிக்கு அதுதான் முதல் அகில அயர்லாந்துப் பட்டம். அடுத்த சீசனுக்குக் கோர்மக்கே கேப்டன். சீசன் தொடக்கப் போட்டியான மெக்கென்னா கோப்பையைக் கையில் வாங்கிய சில நாட்களிலேயே, 2004 மார்ச் 2 அன்று, வீட்டில் தூக்கத்திலேயே இறந்துபோனார். வயது 24. கட்டுப்பாடான வாழ்க்கைக்கும் பயிற்சிக்கும் பெயர்போன ஆள் அவர். உயிரோடு இருந்தவரை யாரும் கண்டுபிடிக்காத இதயக் கோளாறு ஒன்று அவருக்கு இருந்திருக்கிறது.

பையனுக்கு இப்படிச் சொல்லுங்கள்: இதயத்தில் தசை இருக்கிறது, ரத்தக் குழாய் இருக்கிறது, துடிப்பை ஓட்டும் மின்சாரமும் இருக்கிறது. ஓடி ஓடித் தசையைப் பலப்படுத்தலாம். மின்சாரத்தில் பிறவியிலேயே உள்ள குறையைப் பயிற்சியால் சரிசெய்ய முடியாது. அந்தக் குறையால் துடிப்பு திடீரென்று தாறுமாறாகிவிட்டால் இதயம் வெறுமனே நடுங்கும், ரத்தத்தைத் தள்ளாது. சில நொடிகளில் நினைவு போய்விடும். ஹார்ட் அட்டாக் என்பது வேறு. அது குழாய் அடைப்பு. இளம் வயது மரணங்களில் சிலவற்றில் பிரேதப் பரிசோதனை செய்தாலும் இதயத்தில் ஒரு குறையும் கண்ணுக்குத் தெரியாது. மின்சாரம் நின்ற பிறகு அதன் தடயம் சதையில் இருக்காது, அதனால்தான்.

உங்கள் கொழுந்தனார் விஷயத்துக்கு வருவோம். 29 வயதில் தூக்கத்தில் போனவருக்கு "ஹார்ட் அட்டாக்" என்று எழுதியிருப்பது பல நேரம் ஊகம்தான். நம்மவர்களுக்கு முப்பதுகளிலேயே குழாய் அடைப்பு வருவதும் உண்டு என்பதால் அதை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. பிரேதப் பரிசோதனை நடந்ததா என்று மாமனாரிடம் கேளுங்கள். நடந்திருந்தால் அறிக்கையின் நகலைக் காவல் நிலையத்திலோ பரிசோதனை நடந்த அரசு மருத்துவமனையிலோ கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அதில் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்: இதயத்தின் எடை, இடது கீழறைச் சுவரின் தடிமன், கரோனரிக் குழாய்களில் அடைப்பு இருந்ததா இல்லையா. சுவர் 15 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் தசை தடிப்பு நோயை யோசிக்க வேண்டும். மூன்றும் இயல்பாக இருந்தால் சந்தேகம் மின்சாரக் கோளாறின் பக்கம் திரும்பும். வேலைக்குச் சேரும்போதோ விசாவுக்கோ அவர் எடுத்த பழைய ஈசிஜி பீரோவில் கிடந்தால் அது தங்கம், தேடச் சொல்லுங்கள்.

இந்தக் கோளாறுகளில் பெரும்பாலானவை பாதிக்குப் பாதி வாய்ப்பில் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருபவை. ஆகவே பரிசோதனை இறந்தவரின் முதல்நிலை உறவுகளில் தொடங்கும்: அவருடைய பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள். அதாவது உங்கள் மாமனார், மாமியார், கணவர், நாத்தனார் இருந்தால் அவர். கொழுந்தனாருக்குப் பிள்ளை இருந்தால் அந்தக் குழந்தைதான் எல்லாருக்கும் முன்னால். உங்கள் மகன் இரண்டாம் நிலை உறவு. கணவரிடம் எதுவும் இல்லை என்று நன்றாகத் தெளிந்தால், அந்தப் பக்கத்திலிருந்து மகனுக்கு வரும் வாய்ப்பும் மிகவும் குறைந்துவிடும். கணவரிடம் ஏதாவது தென்பட்டால் மகனிடம் எதைத் தேட வேண்டும் என்பது மருத்துவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். இந்த வரிசையைத் தலைகீழாக்கும் குடும்பங்கள்தான் அதிகம். பிள்ளைக்குப் பார்த்துவிட்டு, பெரியவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள்.

ஈசிஜி ஒன்று ஏன் போதாது? அது பத்து நொடிப் பதிவு. லாங் கியூடி என்ற கோளாறின் மரபணு இருப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு ஓய்வு நேர ஈசிஜி இயல்பாகவே இருக்கும். புருகாடா என்ற கோளாறின் அடையாளம் இன்று தெரியும், நாளை மறையும்; காய்ச்சல் வந்தால் பளிச்சென்று தெரியும். உடற்பயிற்சியின்போது மட்டும் தலைகாட்டும் இன்னொரு வகையும் உண்டு. அதில் ஓய்வு ஈசிஜியில் ஒன்றுமே இருக்காது. ஆகவே கணவருக்கு 12 லீட் (பன்னிரண்டு கோணப் பதிவு) ஈசிஜி, மார்பு ஒட்டிகளை ஓரிரு விலா இடைவெளி மேலே நகர்த்தி இன்னொரு ஈசிஜி, எக்கோ (இதய ஸ்கேன்), டிரெட்மில் பரிசோதனை, உடலில் மாட்டிக்கொள்ளும் சிறு கருவியில் 24 மணி நேர ஹோல்டர் பதிவு இவ்வளவும் தேவைப்படும். புருகாடா சந்தேகம் வலுத்தால் அஜ்மலின் என்ற மருந்தை நரம்பில் ஏற்றிப் பார்ப்பார்கள். அது வசதியுள்ள மருத்துவமனையில் மட்டுமே செய்ய வேண்டியது. மரபணுப் பரிசோதனை கடைசியில். குடும்பத்தில் யாரிடமாவது கோளாறு உறுதியானால்தான் அதனால் பலன். எடுத்த எடுப்பில் எல்லாருக்கும் செய்தால் பொருள் தெரியாத மாற்றங்கள் வந்து நின்று குழப்பும், வீடே தூக்கம் கெடும்.

இன்னொரு பொறி, மெஷின் அச்சிட்டுத் தரும் கியூடிசி எண். இதயம் ஒவ்வொரு முறையும் சுருங்கி, மறுபடி தயாராக எடுக்கும் நேரம் கியூடி. துடிப்பு வேகத்துக்கு ஏற்ப அதைத் திருத்தினால் கியூடிசி. பேசட் சூத்திரத்தில், கியூடியை இரண்டு துடிப்புகளுக்கு இடையிலான நொடிகளின் வர்க்கமூலத்தால் வகுப்பார்கள். கியூடி 400 மில்லிநொடி, துடிப்பு நிமிடத்துக்கு 60 என்றால் இடைவெளி 1 நொடி. கியூடிசி 400, பிரச்சினை இல்லை. அதே 400, பையன் மாடிப்படி ஏறி வந்து பதற்றத்தில் படுத்திருக்கிறான், துடிப்பு 94. இடைவெளி 0.64 நொடி, வர்க்கமூலம் 0.8. கியூடிசி 500 என்று காகிதத்தில் வந்து நிற்கும். வேகமான துடிப்பில் இந்தச் சூத்திரம் கூட்டிக் காட்டும். 50க்குக் கீழே போகும் விளையாட்டு வீரரின் துடிப்பில் குறைத்துக் காட்டும். இரண்டாவதுதான் அதிக ஆபத்து, ஏனென்றால் யாரும் அதைச் சந்தேகப்படுவதில்லை. பத்து நிமிடம் படுக்கவைத்து, துடிப்பு 60க்கும் 90க்கும் இடையில் இருக்கும்போது எடுத்து, மருத்துவர் தம் கையால் அளந்த எண்ணைக் கேளுங்கள். விளையாட்டு வீரர்களில் ஆணுக்கு 470, பெண்ணுக்கு 480 தொட்டால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். திரும்பத் திரும்ப எடுத்தும் 500க்கு மேல் என்றால் சந்தேகத்துக்கு இடமில்லாத அளவுக்கு நீண்டது என்று பொருள். பயிற்சியில் உள்ள பையன்களுக்கு மெதுவான துடிப்பு, உயரமான அலைகள் எல்லாம் இயல்பு. 16 வயதுக்குக் கீழே மார்பின் முதல் மூன்று லீட்களில் டி அலை (ஒவ்வொரு துடிப்பின் கடைசியில் வரும் மேடு) தலைகீழாக இருப்பதும் பெரும்பாலும் இயல்புதான். விளையாட்டு வீரர்களின் ஈசிஜி படித்துப் பழகாதவரிடம் போனால் இதற்கெல்லாம் பயந்து ஆட்டத்தை நிறுத்திவிடுவார்.

டப்ளின் மேட்டர் மருத்துவமனையில் இப்படிப்பட்ட குடும்பங்களுக்கென்றே பரிசோதனைக் கிளினிக் இருக்கிறது. உங்கள் ஜிபியிடம் (குடும்ப மருத்துவரிடம்) பரிந்துரைக் கடிதம் கேட்கும்போது "இதயத்தைப் பார்க்கணும்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். "என் கணவரின் உடன்பிறந்த தம்பி 29 வயதில், காரணம் உறுதியாகத் தெரியாமல், தூக்கத்தில் இறந்தார்" என்ற வாக்கியம் கடிதத்தில் அப்படியே இருக்க வேண்டும். காத்திருப்புப் பட்டியலில் உங்கள் இடத்தைத் தீர்மானிப்பது அதுதான்.

அதற்குள் வீட்டில் உட்கார்ந்து ஒரு குடும்பப் படம் வரையுங்கள். மூன்று தலைமுறை. 40 வயதுக்குள் திடீரென்று போனவர்கள், வலிப்பு என்று சொல்லப்பட்டும் மாத்திரைக்கு அடங்காதவர்கள், நீச்சல் தெரிந்தும் குளத்திலோ கிணற்றிலோ மூழ்கியவர்கள், தொட்டிலில் இறந்த குழந்தைகள். லாங் கியூடியின் ஒரு வகை நீந்தும்போது தாக்கும், இன்னொன்று அலாரம், தொலைபேசி மாதிரி திடீர்ச் சத்தத்தில், மூன்றாவது தூக்கத்தில். பிறவியிலேயே காது கேளாத குழந்தை அடிக்கடி மயங்கி விழுந்தால் அதையும் குறியுங்கள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒரே குறை வந்து சேரும்போது காது கேளாமையும் நீண்ட கியூடியும் சேர்ந்து வரும் அரிய வகை ஒன்று உண்டு. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் கட்டிய குடும்பங்களில் அதற்கு வாய்ப்பு கூடுதல். ஊரில் பெரியவர்கள் இவற்றை விதி, காத்து கருப்பு என்று சொல்லி முடித்திருப்பார்கள். பொறுமையாகக் கேட்டு வாங்குங்கள்.

பரிசோதனை முடியும்வரை ஒரு எச்சரிக்கை, இது கணவருக்கும் மகனுக்கும். அஜித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்சசின், ஃப்ளூகொனசோல், வாந்திக்கு ஒண்டான்செட்ரான், டாம்பெரிடோன் இவையெல்லாம் கியூடியை நீட்டக்கூடியவை. ஊருக்குப் போய் வரும்போது ஒரு பை நிறைய மாத்திரை வாங்கி வரும் பழக்கம் நம்மிடம் உண்டு. அந்தப் பையில் இவற்றில் இரண்டு மூன்றாவது இருக்கும். வயிற்றுப்போக்கில் பொட்டாசியம் குறைந்திருக்கும் நேரத்தில் இவற்றைச் சேர்த்துப் போடுவது மிக மோசம். மருத்துவரிடமோ மருந்துக்கடையிலோ குடும்ப விவரத்தைச் சொல்லிவிட்டு வாங்குங்கள். காய்ச்சல் வந்தால் பொறுத்துப் பார்க்காமல் பாராசிட்டமால் கொடுத்து உடனே இறக்குங்கள். காரணம் மேலே சொன்ன புருகாடா.

இனி ஏஈடி பெட்டி. கோர்மக்கின் குடும்பம் அவர் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கியது. இளைஞர்களின் திடீர் இதய மரணம் பற்றிப் பேசுவது, பரிசோதனைகளை ஊக்குவிப்பது, மைதானங்களுக்கு ஏஈடி கிடைக்கச் செய்வது அதன் வேலை. அயர்லாந்து அரசு 2004இல் இந்தத் திடீர் மரணங்கள் பற்றி ஒரு பணிக்குழு அமைத்து, 2006இல் அதன் அறிக்கை வந்தது. இரு நாட்டுக் கால்பந்து விதிகளையும் கலந்து ஆடும் அயர்லாந்து–ஆஸ்திரேலியா இன்டர்நேஷனல் ரூல்ஸ் தொடரின் கோப்பைக்கும் 2004 முதல் அவர் பெயர்தான். கோப்பை அழகான மரியாதை. ஆனால் என் கணக்கில் பெரிய நினைவுச்சின்னம், கிளப் சுவர்களில் தொங்கும் அந்தப் பெட்டிகள். உங்கள் கணவர் கையில் வந்திருப்பது அதில் ஒன்று.

நிலைகுலைந்த துடிப்பை நேராக்க ஷாக் தேவை. சிபிஆர் (மார்பை அழுத்தும் முதலுதவி) இல்லாமல் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. விழுந்த மூன்றிலிருந்து ஐந்து நிமிடங்களுக்குள் முதல் ஷாக் போக வேண்டும். கேலிக் மைதானம் 145 மீட்டர் நீளம், 90 மீட்டர் அகலம் வரை இருக்கும். மூலைக்கு மூலை ஏறத்தாழ 170 மீட்டர். பெட்டி ஒரு மூலையில், பையன் எதிர் மூலையில் என்றால் போய்வர 340 மீட்டர். பூட்ஸ் போட்ட ஒரு பெரியவர் நொடிக்கு மூன்றரை மீட்டர் ஓடினாலும் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகிவிடும். அதோடு பூட்டிய கதவும், சாவி யாரிடம் என்ற கேள்வியும் சேர்ந்தால் கதை முடிந்தது. கருவி பழுதில்லாமல் இருந்தாலும் பூட்டு இருந்தால் பெட்டி பயன்படாமல் போய்விடும். கிளப் கட்டடத்தின் வெளிச்சுவரில், பூட்டில்லாமல், மைதானத்தைப் பார்த்தபடி மாட்டச் சொல்லுங்கள். பல மாடல்கள் 0 டிகிரிக்குக் கீழே வேலை செய்யாது. எனவே வெளியே மாட்டினால் சூடேற்றும் வசதியுள்ள பெட்டி வேண்டும், அதற்கு மின் இணைப்பும் வேண்டும். பக்கத்திலேயே மைதானத்தின் ஏர்கோடை (அயர்லாந்தின் முகவரிக் குறியீட்டை)ப் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். 112 அல்லது 999 அழைக்கும்போது அதைத்தான் கேட்பார்கள். ஆம்புலன்ஸ் சேவையிடம் கருவியைப் பதிவுசெய்யவும் மறக்க வேண்டாம்.

வாரம் ஒருமுறை நிலை காட்டும் விளக்கைப் பார்க்கட்டும். பச்சை எரிந்தால் போதும் என்று நினைப்பது அரைகுறை வேலை. ஒட்டும் பேடுகளின் பசை காய்ந்துபோகும் என்பதால் உறையில் காலாவதித் தேதி போட்டிருப்பார்கள். பொதுவாக இரண்டிலிருந்து ஐந்து வருடம். விளக்கு அதை எல்லா மாடலிலும் காட்டாது. பேட்டரிக்கும் தனித் தேதி உண்டு. இரண்டையும் காலண்டரில் மூன்று மாதம் முன்னதாகக் குறித்து, மாற்றுப் பேட் ஒரு ஜோடி எப்போதும் பெட்டியில் இருக்கட்டும். 8 வயதுக்குக் குறைந்த குழந்தைகளும் மைதானத்துக்கு வருவார்கள் என்றால் குழந்தைப் பேடோ குழந்தை பட்டனோ உள்ளதா என்று பாருங்கள். பெட்டிக்குள் ஜெர்சியை வெட்ட ஒரு கத்தரிக்கோல், மார்பைத் துடைக்க ஒரு துண்டு, முடி மழிக்க ஒரு ரேசர், கையுறை. அயர்லாந்து மழையில் அந்தத் துண்டு ரொம்ப முக்கியம். ஈர மார்பில் பேட் ஒட்டாது.

பயிற்சியாளர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. யாரும் மோதாமல் ஒருவர் மடிந்து விழுகிறார், கை கால் இரண்டு முறை வெட்டுகிறது, வாய் திறந்து மீன் மாதிரி மூச்சை இழுக்கிறது. வலிப்பு என்று நினைத்துப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டுக் காத்திருப்பார்கள். அந்த இழுப்பு மூச்சே அல்ல; இதயம் நின்றதன் அடையாளம். தட்டிக் கூப்பிட்டு அசைவில்லை, சீரான மூச்சில்லை என்றால் நாடி தேடி நேரத்தைப் போக்க வேண்டாம். ஒருவர் அழைப்பு, ஒருவர் பெட்டி, ஒருவர் அழுத்தம். மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு மார்பு முழுதாக மேலெழ விட வேண்டும். பழகியவர் என்றால் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. இல்லையென்றால் அழுத்தம் மட்டும் போதும். ஒரு பேட் வலது காறையெலும்பின் கீழே, மற்றது இடது அக்குளுக்குக் கீழே விலாப் பக்கத்தில். இரண்டாவதைப் பலர் மார்பின் முன்பக்கமே ஒட்டிவிடுகிறார்கள். அப்படி ஒட்டினால் மின்சாரம் இதயத்தின் குறுக்கே சரியாகப் போகாது. ஷாக் கொடுத்ததும் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் உடனே மறுபடி அழுத்த வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கருவியே நிறுத்தச் சொல்லிச் சோதிக்கும். அந்த இடைவெளியில் ஆளை மாற்றுங்கள். 2021 ஜூனில் கோபன்ஹேகனில் கிறிஸ்டியன் எரிக்சன் விழுந்து பிழைத்தது இந்த வரிசை தவறாமல் நடந்ததால்தான்.

வருடத்தில் ஒருநாள் கிளப் கோர்மக்கை நினைவுகூர விரும்பினால், மார்ச் 2ஐ ஒட்டிய வாரப் பயிற்சியில் ஒரு ஒத்திகை வையுங்கள். எதிர் மூலையில் ஒரு பொம்மையைக் கிடத்தி, விசில் அடித்து, முதல் பேட் ஒட்டும்வரை ஸ்டாப்வாட்சில் நேரம் பாருங்கள். 14, 15 வயதுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள்தான் வேகமாக ஓடுவார்கள்.

மகன் அதுவரை ஆடலாமா? ஓடும்போதோ நீந்தும்போதோ சத்தத்தில் அதிர்ந்தபோதோ ஒருமுறையாவது மயங்கியிருந்தால், காரணமில்லாமல் நெஞ்சு படபடத்து ஓட்டத்தை நிறுத்தியிருந்தால், இன்றே ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவசரமாகக் காட்டுங்கள். அப்படி எதுவும் இல்லை என்றால், இந்த ஓரிரு வாரத்தில் அவனுக்கும் ஒரு ஈசிஜி எடுத்து, அது சரியாக இருந்தால், அப்பாவின் பரிசோதனை முடியும்வரை ஆட்டத்தைத் தொடரலாம் என்பதே என் கருத்து. தனியாக நீந்த மட்டும் விடாதீர்கள். உங்கள் ஜிபி வேறு முடிவு சொன்னால் அவர் பையனை நேரில் பார்த்துச் சொல்பவர். அவர் சொல்வதைக் கேளுங்கள். ஈசிஜியில் கோளாறு தெரிந்தாலும் அத்தோடு விளையாட்டு முடிந்தது என்று இப்போது எல்லாருக்கும் சொல்வதில்லை. லாங் கியூடிக்கு நாடோலால், புரொபரனோலால் மாத்திரைகள் நன்றாகக் கேட்கும். சிலருக்கு மட்டும் உடலுக்குள் வைக்கும் ஷாக் கருவி தேவைப்படும். எந்த வகை, எவ்வளவு ஆபத்து என்று தெரிந்த பிறகு, ஆடுவதா வேண்டாமா என்பதை மருத்துவரும் பையனும் நீங்களும் சேர்ந்து உட்கார்ந்து முடிவெடுக்கலாம்.

திருநெல்வேலியில் மாமனாருக்கும் மாமியாருக்கும் ஈசிஜி, எக்கோ இரண்டையும் இந்த மாதமே எடுக்கச் சொல்லுங்கள். ஈசிஜி தாளைப் போனில் படம் பிடித்தால் நிழல் விழுந்து கட்டங்கள் வளையும், அதை வைத்து அளக்க முடியாது. ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லி, கணவரின் முதல் சந்திப்புக்கு அந்த அச்சுப் பிரதிகளையும் எடுத்துச் செல்லுங்கள்.